சின்னம்மா பார்த்த கோடி வீடு

பொம்மனஹள்ளி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ரக்ஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், என் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் அதனதன் இடத்தில் அப்படியே இருக்கின்றன. அங்கே நெதர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை விஜய்குமாரும் சுகமாக இருக்கிறீர்கள், குளிர் குறைந்துவிட்டது, உனக்கு ஆபீஸில் புது டீம் கொடுத்திருக்கிறார்கள், மாப்பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள் என்பதெல்லாம் தெரிந்துகொண்டேன். நீ சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, உன் சின்னம்மா மங்களம் சொல்லித் தெரிந்துகொண்டேன். பெற்ற மகளின் சுகத்தைத் தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டாலும் சுகம் சுகம்தானே, அந்த மட்டில் சந்தோஷம்.

இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். ஃபோனில் சொல்லலாம் என்றால் வீட்டு விஷயம் எடுத்த உடனே, இரும்மா சின்னம்மாவையும் சேர்த்துக்கிறேன் என்று அவளையும் கான்ஃபரன்ஸில் இழுத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் போடலாம் என்றால் எனக்கு நம் குடும்ப குரூப்பில் மட்டும்தான் போடத் தெரியும், அதில் அவள்தான் அட்மின். உன் ஆபீஸ் அனுஷா லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்புகிறாளாம், ஊறுகாய் பாட்டிலோடு இந்தக் கடிதத்தையும் அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். புதன்கிழமைதான் அக்ரிமென்ட் என்று மங்களம் சொன்னாள், அதனால் ஊறுகாயைத் திறப்பதற்கு முன் இதைத் திற. முழுதாகப் படி, பாதியில் நிறுத்திவிட்டு அம்மா வழக்கம்போல ஆரம்பித்துவிட்டாள் என்று மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

போன ஞாயிற்றுக்கிழமை மங்களம் வந்தாள், கையில் ஒரு டப்பா மைசூர்பாக். என்ன விசேஷம் என்று கேட்டேன். ஃபோனை எடுத்து ஒரு வீட்டின் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். யார் வீடு என்று கேட்டதற்கு, "ரக்ஷா வாங்கப் போற வீடுக்கா, உங்கிட்ட சொல்லலியா?" என்றாள். அந்தச் சொல்லலியாவை அவள் இழுத்த இழுப்பை நீ கேட்டிருக்க வேண்டும். நான் விடுவேனா, "சொன்னாளே, வைட்ஃபீல்டு பக்கம்தானே" என்று குத்துமதிப்பாக அடித்துவிட்டேன். நல்ல வேளை, அது வைட்ஃபீல்டு பக்கமாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீடு பார்த்தது அவள், விலை பேசியது அவள், உனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுகிற பவர் பத்திரமும் அவள் பேரிலாம், எம்பசி முத்திரையோடு கூரியரில் வந்துவிட்டதாம். நான் உள்ளே போய் டீ போட்டேன், சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன், அதை அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்ததும் எனக்கு எரிச்சலாக இருந்தது. உன் அப்பா இரண்டு துண்டு மைசூர்பாக் தின்றார், அந்தக் கோபம் தனி.

ரக்ஷா, நான் மூடி மறைத்துப் பேசுகிறவள் இல்லை, எனக்குப் பொறாமைதான். நன்றாக, வயிறு நிறைய, பொறாமை. இன்று நேற்று வந்ததும் இல்லை. கோலார் தங்கவயலில் மைன்ஸ் லைன் வீட்டில் ஒரே அறையில் வளர்ந்தோம் நானும் அவளும். நான் எட்டாவதோடு நின்று தையல் கற்றுக்கொண்டேன், அவள் படித்து டீச்சரானாள். நான் இங்கே கார்மென்ட்ஸில் இருபத்திரண்டு வருஷம் சட்டைக் காலர் தைத்தேன், அவள் வைட்ஃபீல்டில் கான்வென்டில் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். நீ மூன்றாவது படிக்கும்போது ஹோம்வொர்க் நோட்டைத் தூக்கிக்கொண்டு, அம்மாவுக்குத் தெரியாது சின்னம்மாகிட்ட போலாம் என்று அப்பாவை இழுத்தாயே, அன்று ஆரம்பித்தது. காலேஜ் ஃபாரம் அவள் நிரப்பினாள், விசா ஃபாரம் அவள் நிரப்பினாள், உன் கல்யாணப் பத்திரிகையின் இங்கிலீஷ் பக்கத்தை அவள் எழுதினாள். எல்லாவற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வீடு வாங்குவதற்குமா? அவளுக்கும் ரவி என்று ஒரு பிள்ளை பூனாவில் இருக்கிறானே, அவனுக்கு ஒரு வீடு பார்க்கட்டுமே.

வீடு வாங்குவதில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் பார்க்காத எத்தனையோ உண்டு. இந்த பொம்மனஹள்ளி வீட்டை வாங்குவதற்கு முன் நானும் அப்பாவும் பதினோரு வீடு பார்த்தோம். கம்பெனி லைனில் பிறந்த எங்களுக்குப் பத்திரம் என்றால் என்ன என்றே அப்போது தெரியாது, ஏமாந்து ஏமாந்துதான் கற்றுக்கொண்டோம். ஒரு வீட்டை ஒரு தடவை பார்த்து வாங்காதே, மூன்று வேளை பார். காலை ஏழு மணிக்குப் போய்க் குழாயைத் திற, எல்லா வீட்டிலும் திறந்திருக்கிற நேரத்தில் தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரியும். சாயங்காலம் ஆபீஸ் விடுகிற நேரத்தில் ஆட்டோவில் போ, தெரு எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் தெரியும். மூன்றாவது தடவை மழையில் போ. வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். வீட்டுக்காரரைக் கேட்பதைவிட அங்கே பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவைக் கேள், எதிரில் கடை வைத்திருப்பவரைக் கேள், அவர்களுக்கு விற்கிற அவசரம் கிடையாது. புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் மோந்து பார். சுவரில் ஒரு பக்கம் மட்டும் புதுப் பெயின்ட் என்றால் அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கேள். நம்முடைய ஆட்கள் வாஸ்து பார்ப்பதில்லை, புத்தர் எந்தத் திசையிலும் உட்காருவார், ஆனால் நாளைக்கு நீ விற்கப் போனால் வாங்குகிறவன் பார்ப்பான், அதனால் தெற்கு வாசல் என்றால் விலையில் அதைச் சொல்லிக் குறை.

காகிதத்தில் முதலில் கேட்க வேண்டியது தாய்ப்பத்திரம். அந்த நிலம் முதல் முதலில் யாரிடம் இருந்தது, அவரிடமிருந்து யாருக்குப் போனது என்று கொடிபோல வரிசையாக வர வேண்டும், நடுவில் ஒரு கை விட்டுப்போனாலும் வம்பு. அதற்குப் பிறகு வில்லங்கச் சான்றிதழ், முப்பது வருஷத்துக்கு எடுக்கச் சொல். மாநகராட்சியில் சொத்தைப் பதிந்து தருகிற காத்தா ஏ-வா பி-யா என்று பார், ஏ தான் முறையானது, இப்போது கம்ப்யூட்டரில் வருகிற இ-காத்தா இல்லாமல் ரிஜிஸ்டரே ஆகாது என்கிறார்கள். பி காத்தாவை ஏ ஆக்கித் தருகிறோம் என்று விற்கிறவர் சொன்னால், ஆக்கிவிட்டு வாங்க, அப்புறம் பேசலாம் என்று சொல். செராக்ஸ் பார்த்து மயங்காதே, ஒரிஜினலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் எழுதும்போதே எனக்கு ஒன்று தோன்றிற்று. ஒரு வீட்டை வாங்குவதற்குக்கூட இந்த ஊரில் தாய்ப்பத்திரம் எங்கே, தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்கிறார்கள், நீ ஒரு வார்த்தை தாயைக் கேட்கவில்லை. சரி, விடு.

மங்களம் போன பிறகு இரண்டு நாள் நான் அப்பாவிடம் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு ஃபோன் போட்டு, நானும் அந்த வீட்டைப் பார்க்கணும் என்றேன். அவளுக்கு ஆச்சரியம், ஆனால் வா என்றாள். மஞ்சள் லைன் மெட்ரோவில் ஏறி இரண்டு இடத்தில் மாறி வைட்ஃபீல்டில் இறங்கினேன், மங்களம் கார் எடுத்து வந்திருந்தாள். எதற்குப் போனேன் என்று உன்னிடம் மறைக்கவில்லை. குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். வழி முழுக்க என்னென்ன குறை இருக்கலாம் என்று மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டே போனேன்.

போய்ப் பார்த்தால் குறை ஒன்றும் கிடைக்கவில்லை, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாற்பது வீடு உள்ள சின்ன லேஅவுட், வாசலில் காவல், உள்ளே மரமும் நிழலும். நீ வாங்கப் போவது மேலே மாடி இல்லாத தனி வீடு. வீட்டுக்காரர் ரகுராம் நல்ல மரியாதையான மனுஷன், ஹைதராபாத்துக்கு மாற்றலாகிப் போகிறாராம், எனக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். நான் உட்காரவா போனேன், மோரை வைத்துவிட்டு எழுந்து எல்லாக் குழாயையும் திறந்தேன், தரையில் டைல்ஸைத் தட்டிப் பார்த்தேன், அலமாரிக்குள் தலையை விட்டு மோந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு அறைக்கும் கிரானைட்டில் ஒரு சாண் உயரத்துக்கு நல்ல வாசற்படி. சமையலறை மேடை என் இடுப்புக்கு அளந்து வைத்த மாதிரி. மேடைக்குக் கீழே மரக் கதவு எதுவும் இல்லாமல் முழுக்கக் கல்லும் ஸ்டீலும், கரையான் கவலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பிளக் பாயின்ட். நம் வீட்டில் தரையோரம் இருக்கும், ஃபோன் சார்ஜ் போட நான் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிவேன், உனக்குத் தெரியும். அங்கே எல்லா அறையிலும் பிளக் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. குனியவே வேண்டாம். இப்படி ஒரு வீட்டை மங்களம் கண்டுபிடித்துவிட்டாளே, நான் பதினோரு வீடு பார்த்தும் கிடைக்காதது அவளுக்கு இரண்டாவது வீட்டிலேயே கிடைத்துவிட்டதே என்று வயிறு எரிந்தது. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொன்னேன். அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

வெளியே வந்தோம். கார் எடுக்கும்போது மங்களம் பெருமையாக ஒன்று சொன்னாள். கேட்டுக்கு வெளியே இளநீர் விற்கிறாரே அந்தப் பெரியவர், இந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துடையதாம், அவரே சொன்னாராம். "இது கோடி ஜாகா அம்மான்னாருக்கா. பாரு, வித்தவனே சொல்றான். ரெண்டு வருஷத்துல கோடி கோடியா ஏறும், ரக்ஷாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். உனக்கும் சொல்லியிருக்கிறாள் இல்லையா, நீயும் சந்தோஷப்பட்டிருப்பாய்.

எனக்கு அந்த இடத்திலேயே கால் நின்றுவிட்டது. ரக்ஷா, கவனமாகப் படி. ஜாகா என்றால் இடம், அது சரி. நாம் தமிழில் நூறு லட்சத்தைக் கோடி என்கிறோம். கன்னடக்காரர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள், அவர்கள் வாயில் அது அழுத்தமாக கோட்டி என்று வரும். கோடி என்று அவர்கள் மெதுவாகச் சொன்னால் அது பணம் இல்லை. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போகிற வாய் இருக்கிறதே, நம் பக்கம் கலங்கல் என்பார்கள், அதற்குக் கன்னடத்தில் கோடி. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால் கார்மென்ட்ஸில் என் பக்கத்து மெஷினில் கெம்பம்மா என்று ஒருத்தி இருந்தாள், ஏரிக்கரை ஊர்க்காரி. மழைக்காலத்தில் வேலைக்கு வராமல் போவாள், மறுநாள் சூப்பர்வைசர் திட்டினால், "கெரெ கோடி ஹரீத்தா இதெ சார், ரோடே இல்லா" என்பாள். ஏரி வழிகிறது, ரோடே இல்லை என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் நான் கற்ற கன்னடம் அந்த மெஷின்களுக்கு நடுவில் கற்றது. மங்களம் கன்னடம் பேசுவாள், காய்கறிக் கடை வரைக்கும்.

நான் காரில் ஏறாமல் நேரே அந்தப் பெரியவரிடம் போனேன். முனிகிருஷ்ணப்பா என்று பேர். ஒரு இளநீர் வாங்கிக்கொண்டு கன்னடத்தில் கேட்டேன், யஜமான்ரே, இது கோடி ஜாகா என்று என் தங்கையிடம் சொன்னீர்களாமே என்று. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஹௌதம்மா, கெரெ கோடி. மளெ ஜாஸ்தி ஆத்ரெ நீரு இல்லே பரோது" என்றார். ஆமாம்மா, ஏரிக் கலங்கல், மழை அதிகமானால் தண்ணீர் இங்கேதான் வரும் என்று அர்த்தம். நான் சொன்னப்போ அந்த அம்மா ரொம்ப சந்தோஷமா தேங்க்ஸ் சொன்னாங்க, ஏன்னு எனக்குப் புரியலே என்று அவர் குழம்பிப்போய்ச் சொன்னார். மேலே ஏரி இருந்ததாம், பாதி மூடி ரோடு போட்டுவிட்டார்களாம், ஆனால் தண்ணீருக்கு ரோடு தெரியாதே, அது பழைய வழியில்தான் வரும் என்றார். காம்பவுண்ட் சுவரின் பின்பக்கம் கூட்டிப்போய்க் கொடியை விலக்கிக் காட்டினார். என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே சுவர் நெடுக ஒரு பழுப்புக் கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் வீட்டுக்குள் நான் பார்த்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. அறைக்கு அறை ஒரு சாண் வாசற்படி எதற்கு? சமையலறையில் கீழே ஒரு மரத்துண்டுகூட இல்லாதது எதற்கு? பிளக் பாயின்ட் எல்லாம் இடுப்பு உயரத்தில் எதற்கு? முழங்கால் வலிக்காரிக்காக யாரும் வீடு கட்டமாட்டார்கள் ரக்ஷா. தண்ணீர் வந்தால் கரன்ட் அடிக்கக்கூடாது என்று ஏற்றி வைத்தது அது. நான் எதை எதைப் பார்த்து ஏங்கினேனோ அதுவெல்லாம் வெள்ளத்துக்கு அஞ்சிச் செய்தது.

காரில் ஏறி மங்களத்திடம் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "உனக்கு வயித்தெரிச்சல்கா. பாப்பா என்னைக் கேட்டுட்டாளேன்னு உனக்குத் தாங்கல. ஒரு இளநீக்காரன் பேச்சைக் கேட்டுக்கினு நல்ல வீட்டைக் கெடுக்கப் பாக்குற" என்றாள். நானும் விடவில்லை, "ஆமாம்டி வயித்தெரிச்சல்தான், அதுக்காக அந்தச் சுவத்துல கோடு நானா போட்டேன்" என்றேன். அப்போதுதான் அவள் கத்தினாள், கோபத்தில் உளறிவிட்டாள் என்றே வைத்துக்கொள். "யாருக்காகக்கா பாத்தேன்? உனக்காகத்தான்! உன் முழங்காலுக்காக மாடி வேணாம் கீழ் வீடா பாருங்க சின்னம்மா, அம்மா அப்பாவைக் கொண்டுபோய் வெச்சப்புறம்தான் சொல்லணும்னு பாப்பா என்னைச் சத்தியம் வாங்கினா" என்றாள்.  மெட்ரோ ஸ்டேஷனில் நான் இறங்கும்போது, புதன்கிழமை அக்ரிமென்ட் போட்டே தீருவேன் என்றாள்.

ஆக, அந்த வீடு எனக்கு. சந்தோஷப்பட வேண்டியதுதான், அழுதேன் என்பதும் உண்மைதான், மெஜஸ்டிக் ஸ்டேஷனில் ரயில் மாறி ஏறியதும் ஒரு பெண் எழுந்து இடம் கொடுக்கிற அளவுக்கு அழுதேன். ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், அம்மாவை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்றால் ஒரு புடவை எடுத்துக் கொடு, மாப்பிள்ளையோடு சொல்லாமல் வந்து கதவைத் தட்டு. வீட்டை அப்படி வாங்காதே. அதில் இருக்கப்போகிறவர்களைக் கேட்காமல் வீடு வாங்குவது அளவெடுக்காமல் ரவிக்கை தைக்கிற மாதிரி, இருபத்திரண்டு வருஷம் தைத்தவள் சொல்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பெரியவர் தண்ணீர் இங்கேதான் வரும் என்று சொன்னபோது பெற்றவள், மகளின் சேமிப்பெல்லாம் அந்தச் சேற்றில் போக இருந்ததே என்று பதறியிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மங்களம் தோற்றாள் என்கிற சந்தோஷம். இளநீர் அன்று அவ்வளவு இனித்தது. பதற்றம் அதற்குப் பிறகுதான் வந்தது, சுவரில் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு. பொறாமை ஒரு மனுஷியை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பார். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அதனால் என் பேச்சை நம்பு என்று நான் கேட்கவில்லை, பொறாமைக்காரி பேச்சை யார் நம்புவார்கள். நீயே சரி பார். உன் ஆபீஸில் கன்னடம் பேசுகிற ஷிமோகா பையன் ஒருவன் இருக்கிறான் என்றாயே, கெரெ கோடி என்றால் என்ன என்று அவனைக் கேள். ஒரு வக்கீலை வைத்து அந்த சர்வே நம்பருக்கு கிராம வரைபடம் எடுக்கச் சொல், பழைய வரைபடத்தில் ஏரியும் கால்வாயும் தெளிவாகப் போட்டிருக்கும், மழைநீர்க் கால்வாயில் இருந்து வீடு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று அளந்து சொல்லச் சொல். பாங்கு லோன் கொடுக்கிறதே என்று தைரியமாக இருக்காதே, பாங்குக்காரர் வந்து அந்த வீட்டில் படுக்கப் போவதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் ரகுராமிடம் ஒரே ஒரு கேள்வி கேள், பிளக் பாயின்ட்டை ஏன் சார் இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று. வீடியோ காலில் கேள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேள். நீ இருக்கிற ஊரில் கடலையே சுவர் கட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்வாய், இங்கே ஒரு ஏரித் தண்ணீரைத் தடுக்க ஆள் இல்லை. எனக்கு வரப்போகிற வீட்டை, அந்தச் சமையல் மேடையை, குனியாமல் போடுகிற பிளக்கை நானே வேண்டாம் என்று எழுதுகிறேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

நாங்கள் இருக்கிற இந்த வீட்டை விற்கிற பேச்சும் நடந்ததாமே. அந்த வீடு கைக்கு வருவதற்கு முன் இருக்கிற வீட்டை விற்காதே, நடுவில் வாடகை வீடு தேடி அலைவது யார்? விற்கும்போது புரோக்கரிடம் அவசரம் என்று சொல்லாதே, கடைசி விலையையும் சொல்லாதே. ஒரிஜினல் பத்திரத்தை யார் கையிலும் கொடுக்காதே, வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். நம் மாடி ஓரத்தில் ஐப்பசி மழைக்கு ஒழுகும், அதை வாங்க வருகிறவர்களுக்கு நானே காட்டிவிட்டுத்தான் விற்பேன், அதற்கு விலை குறைந்தால் குறையட்டும். ரகுராம் கொடுத்த மோர் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மோர் கொடுத்த கையோடு அந்தத் தண்ணீரைப் பற்றியும் சொல்லியிருக்கலாம்.

பவர் பத்திர விஷயம். அதை என் பேருக்கு மாற்று என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. மங்களம் பேரிலேயே இருக்கட்டும். அவள் ஒரு பக்கம் விடாமல் படிப்பாள், புரியாததை நாலு தடவை கேட்பாள், எனக்கு அந்த இங்கிலீஷ் வராது. ஆனால் பொதுவான பவராக இருந்தால் ரத்து செய்துவிட்டு, வாங்குவதற்கு மட்டும், இன்ன வீடு என்று எழுதி, இத்தனை மாதத்துக்கு என்று போட்டுக் கொடு, அவளுக்கும் அதுதான் நல்லது, நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அடுத்த வீட்டைப் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போகச் சொல். வீட்டை விற்கிறவரிடம் அவள் இங்கிலீஷில் கேட்கட்டும், நான் வெளியே நின்று இளநீர்க்காரரிடம் கன்னடத்தில் கேட்கிறேன். இதை நீயாகச் சொன்ன மாதிரி சொல், நான் கேட்டேன் என்று சொல்லாதே. அவள் கோடி என்று தப்பாகப் புரிந்துகொண்டதை வைத்து அவளைக் கேலி செய்யாதே, மாப்பிள்ளையும் செய்யக்கூடாது. அந்தக் கேலியை நான் எனக்கென்று வைத்திருக்கிறேன், சாகும் வரைக்கும் போதும்.

ஊறுகாய் மாகாளிக் கிழங்கு, மோரில் போட்டது, ஃப்ரிஜ்ஜில் வை. மாப்பிள்ளை பல் பிடுங்கிய இடம் ஆறும் வரைக்கும் அவருக்குக் கொடுக்காதே. அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், மைசூர்பாக் தின்றதை எழுத வேண்டாம் என்றும் சொன்னார். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனம் ஒத்து, நனையாத ஒரு வீட்டில் நீண்ட காலம் வாழ புத்தரின் கருணை துணை இருக்கட்டும்.

மறக்காதே. புதன்கிழமைக்குள் நீ என்ன முடிவு எடுத்தாலும், வாங்கினாலும் விட்டாலும், முதலில் எனக்கு ஃபோன் பண்ணு. ஐந்து நிமிஷம் கழித்து மங்களத்துக்குப் பண்ணு. அந்த ஐந்து நிமிஷம் உன் விஷயம் ஒன்று எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
தமயந்தி தாஸ்